குணமானவர்கள் எழுதிய கடிதங்கள்

(வாசகர் வட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1891ஆம் ஆண்டில் கனடாவின் ஹாமில்டன் நகரப் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. அந்த ஊரில் உழைத்துப் பிழைத்த ஒருவருக்குக் கால்கள் விளங்காமல் போயின. நிற்க முடியவில்லை, நடக்க முடியவில்லை. மருத்துவர்கள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ‘லோகோமோட்டார் அட்டாக்சியா’ என்று நோய்க்குப் பெயர் சொன்னார்கள். இது தீராது என்றும் சொன்னார்கள். அவர் ஒரு மதுவிலக்குச் சங்கத்தில் உறுப்பினர். உறுப்பினர் முழுவதுமாகச் செயலிழந்தால் பணம் கொடுக்கும் ஏற்பாடு அந்தச் சங்கத்தில் இருந்தது. இவர் இனி வேலைக்கு ஆகமாட்டார் என்று மருத்துவர்கள் உறுதி சொன்ன பிறகு சங்கம் 1,000 டாலரைக் கொடுத்தது. அதற்குப் பிறகு யாரோ சொல்லி அவர் ஒரு மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்தார். இளஞ்சிவப்பு நிறம், சர்க்கரைப் பூச்சு. பெட்டி பெட்டியாகச் சாப்பிட்டார். எழுந்தார், நடந்தார். ‘ஹாமில்டன் அதிசயம்’ என்று அந்தச் செய்தி ஊர் ஊராகப் போயிற்று.

அந்த மனிதர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. எழுந்து நடந்திருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் நடந்ததை வைத்து, அந்த மாத்திரையைப் பற்றி நமக்கு என்ன தெரியவருகிறது? இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

மாத்திரையின் முழுப்பெயர் ‘வெளிறியவர்களுக்கான டாக்டர் வில்லியம்ஸின் பிங்க் மாத்திரைகள்’. வில்லியம் ஜாக்சன் என்ற மருத்துவர் ஒன்டாரியோ மாநிலத்தின் பிராக்வில் என்ற சிற்றூரில் இருந்தார், மருந்து அவருடையது. அதே ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜார்ஜ் டெய்லர் ஃபுல்ஃபோர்ட் 1890இல் அதன் உரிமையை வாங்கினார். கொடுத்த விலை 53 டாலர் 1 சென்ட். அந்த ஒரு சென்ட் எதற்கு என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பத்தே ஆண்டுகளில் அவர் கனடாவின் செனட்டர் ஆனார். செயின்ட் லாரன்ஸ் நதிக்கரையில் ஒரு மாளிகை கட்டினார். இப்போது அது அருங்காட்சியகம். மாத்திரை கடல் கடந்து பல கண்டங்களில் விற்றது. ஒரு பெட்டி 50 சென்ட், ஆறு பெட்டி சேர்த்து வாங்கினால் இரண்டரை டாலர். 1905இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஃபுல்ஃபோர்ட் சென்ற மோட்டார் கார் டிராம் வண்டியோடு மோதி, அந்தக் காயத்தில் இறந்தார்.

ஃபுல்ஃபோர்டின் திறமை மாத்திரையில் இல்லை, விளம்பரத்தில் இருந்தது. விளம்பரம் விளம்பரமாகவே வராது. செய்தி போலத் தலைப்பு, செய்தி போல நடை, நிருபர் ஒருவர் நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தது போன்ற தொடக்கம். முதல் இரண்டு பத்தியில் மாத்திரையின் பெயரே இருக்காது. நோயாளியின் பெயர், தெரு, தொழில் எல்லாம் இருக்கும். சந்தேகப்பட்டால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்தந்த ஊர்ப் பத்திரிகையில் அந்தந்த வட்டாரத்து நோயாளி. மந்திரி சொன்னால் நம்பாதவரும் பக்கத்துத் தெருக்காரர் சொன்னால் நம்புவார் என்பதை ஃபுல்ஃபோர்ட் புரிந்துவைத்திருந்தார்.

இவற்றைப் ‘பேடண்டு மருந்து’ என்பார்கள். உண்மையில் பெரும்பாலானவற்றுக்குப் பேடண்டு கிடையாது. பேடண்டு வாங்கினால் செய்முறையை வெளியே சொல்லியாக வேண்டும். அதனால் பெயரையும் லேபிளையும் மட்டும் பதிவுசெய்துகொண்டு, உள்ளே இருப்பதை ரகசியமாக வைத்துக்கொண்டார்கள்.

அந்த ரகசியத்தை 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் உடைத்தது. சந்தையில் ஓடிய மருந்துகளை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்து, எதில் என்ன இருக்கிறது, அடக்கவிலை என்ன என்று புத்தகமாகவே போட்டார்கள். ‘ஒரு பெட்டி ஒரு கினி பெறும்’ என்று விளம்பரம் செய்யப்பட்ட பீச்சம்ஸ் மாத்திரையில் இருந்தவை கரியபோளம், இஞ்சி, சோப்பு. நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் வாங்கியவர்களுக்கு அது வயிற்றை என்ன செய்யும் என்று தெரியும். 56 மாத்திரைகளின் சரக்கு விலை அரை ஃபார்திங். ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்ற விலை ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்ஸ்.

நம் பிங்க் மாத்திரையில் இருந்தவை இரும்பு சல்பேட், பொட்டாசியம் கார்பனேட், மக்னீசியா, அதிமதுரப் பொடி, சர்க்கரை. ‘மோசடி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் கொஞ்சம் சங்கடம் தரும். இரும்பு சல்பேட் உண்மையான மருந்து. நம் ஊரில் அதற்குப் பெயர் அன்னபேதி. சித்த மருத்துவர்கள் பாண்டு நோய்க்கு, அதாவது சோகைக்கு, அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டிலேயே சிடன்ஹாம் என்ற ஆங்கிலேய மருத்துவர் வெளிறிப்போன பெண்களுக்கு இரும்பு கொடுத்தார். 1830களில் பிளோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இரும்பு சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து மாத்திரை உருட்டினார். எல்லா மருந்துக்கடையிலும் மலிவாகக் கிடைத்த மாத்திரை அது. பிங்க் மாத்திரை அதே சரக்குதான். மேலே வண்ணம் பூசி, வேறு பெயர் வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் ‘குளோரோசிஸ்’ என்று ஒரு நோய் பரவலாக இருந்தது. வயதுக்கு வந்த பெண்கள், ஆலையிலும் வீட்டு வேலையிலும் இருந்தவர்கள், முகம் பச்சையோடி வெளிறி, படி ஏறினால் மூச்சு வாங்கி, பசியில்லாமல் துவண்டு கிடப்பார்கள். இன்று அதை இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை என்போம். அந்தப் பெண்களில் ஒருத்தி பிங்க் மாத்திரையைச் சில வாரம் சாப்பிட்டால் என்ன ஆகும்? தேறுவாள். முகத்தில் ரத்தம் ஓடும், பசி எடுக்கும். குணமானதைச் சொல்லி அவள் மருந்துக்காரருக்கு எழுதும் கடிதம் எழுத்துக்கு எழுத்து உண்மையாகவே இருக்கும். இன்றைக்கும் நம் அரசின் இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தில் 5 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். சர்க்கரைப் பூச்சு போட்டது, நிறம் இளஞ்சிவப்பு. வளரிளம் பருவத்தினருக்கு நீல மாத்திரை. இந்த நிறப் பொருத்தம் தற்செயல்தான். ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு ஃபுல்ஃபோர்டின் மாத்திரைக்கு அன்னியமானதல்ல.

ஆகவே ‘வெளிறியவர்களுக்கான மாத்திரை’ என்ற பெயர் மட்டும் நேர்மையான பெயர். அந்தப் பெயரோடு நின்றிருந்தால் இன்று நான் இங்கே பேச வேண்டியிருக்காது. நிற்கவில்லை. பக்கவாதம், வாதம், நரம்புத் தளர்ச்சி, வலிப்பு நடுக்கம், முதுகுவலி, பெண்களுக்கு வரும் தொல்லைகள், இவற்றோடு லோகோமோட்டார் அட்டாக்சியா, எல்லாம் தீரும் என்றார்கள். வெளிறிய பெண்களின் உண்மைக் கடிதங்கள் சேர்த்துத் தந்த நம்பிக்கையை வேறு நோய்களின் கணக்கில் செலவு செய்தார்கள். முழுப் பொய்யை மக்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த மாத்திரை நீண்ட காலம் நின்றதற்கு அதில் இருந்த பாதி உண்மைதான் காரணம்.

ஹாமில்டன் மனிதரிடம் திரும்புவோம். லோகோமோட்டார் அட்டாக்சியா என்பது மேகநோய் பல ஆண்டுகள் உடம்புக்குள் இருந்து, கடைசியில் முதுகுத்தண்டின் நரம்புகளைத் தின்னும்போது வருவது. கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரியாமல் போகும். இருட்டில் நிற்க முடியாது. கால்களில் மின்னலடித்தது போல வலி பாயும். அந்த நோய்க்கு இரும்பு ஒன்றும் செய்யாது. மேகநோயின் கிருமியே 1905இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதை உறுதியாகக் கொல்லும் பெனிசிலின் 1940களில் வந்தது.

அப்படியானால் அவர் எப்படி நடந்தார்? நோயின் பெயரே தவறாக இருந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனையோ முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையோ இல்லாத காலத்தில், தள்ளாடும் நடையைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். அதே தள்ளாட்டம் வேறு பல காரணங்களாலும் வரும்; அவற்றில் சில தானாகத் தேறும். குடியால் வரும் நரம்புத் தளர்ச்சி அதில் ஒன்று. ஆனால் இவர் மதுவிலக்குச் சங்கத்துக்காரர், அதனால் அந்தச் சந்தேகத்தை மரியாதையாக ஒதுக்கி வைப்போம். உண்மையிலேயே அதே நோய்தான் என்றாலும், அது ஒரே சீராக ஏறிக்கொண்டே போவதில்லை. சில காலம் அடங்கியும் கிடக்கும். மனநிலையால் கால் விளங்காமல் போய், பிறகு திரும்புவதும் உண்டு. 1,000 டாலரும் ஒரு நல்ல டானிக்தான் என்று அந்த ஊரில் யாராவது சிரித்திருக்கவும் கூடும். இதில் எது நடந்தது என்று அந்தச் செய்தியை ஆயிரம் முறை படித்தாலும் தெரியாது. செய்தியில் குறை ஒன்றும் இல்லை. ஒரு மனிதரின் கதைக்குள் அந்த விடை இருக்க முடியாது, அவ்வளவுதான்.

அந்த நோயாளிகளை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே நோயோடு அதே காலத்தில் பாரிஸில் வாழ்ந்தவர் பிரெஞ்சு நாவலாசிரியர் அல்போன்ஸ் தோதே. பணமும் புகழும் இருந்தன. அன்றைய உலகின் முன்னணி நரம்பியல் மருத்துவர் ஷார்கோ அவருக்கு நண்பர். ஷார்கோவின் சிகிச்சை என்ன தெரியுமா? தாடையிலும் அக்குளிலும் வார் கட்டி, நோயாளியைக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் தொங்கவிடுவது. முதுகுத்தண்டு நீண்டுகொடுக்கும் என்று எண்ணம். தோதே அதற்கும் உடன்பட்டார். வலிதான் மிச்சம்; 1897இல் இறந்தார். தொங்கவிட்ட நோயாளிகளிலும் சிலர் ‘இப்போது தேவலை’ என்று சொல்லத்தான் செய்தார்கள். அதை நம்பித்தான் மருத்துவர்கள் மற்றவர்களையும் தொங்கவிட்டார்கள். பாரிஸின் பேராசிரியர் தொங்கவிடுகிறார், பிராக்வில் வியாபாரி சர்க்கரை மாத்திரை தருகிறார். ஏழை நோயாளி எதைத் தேர்ந்தெடுப்பார்? இரத்தம் எடுப்பது, பாதரச உப்பைக் கொடுத்து வாயெல்லாம் புண்ணாக்குவது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவத்தில் பயப்பட வேண்டியவை நிறைய இருந்தன. ஒன்றும் செய்யாத மருந்து சில நேரம் உயிரையே காப்பாற்றியிருக்கும்.

பெண்கள் இத்தகைய மருந்துகளை நாட இன்னொரு காரணமும் இருந்தது. ஆண் மருத்துவரிடம் சொல்ல முடியாததை லிடியா பிங்காமுக்குக் கடிதமாக எழுதலாம். மாசசூசெட்ஸின் லின் நகரத்துப் பெண்மணி அவர். 1875 முதல் விற்பனைக்கு வந்த அவருடைய மூலிகைக் கஷாயத்தின் விளம்பரங்களில் அவரது சாந்தமான முகம் அச்சிடப்பட்டிருக்கும். வேர்கள் சிலவற்றோடு நம் வெந்தயமும் அதில் உண்டு. கெடாமல் இருக்க என்று சொல்லிச் சேர்த்த சாராயம் ஏறத்தாழ 18 முதல் 20 சதவீதம். அவர் 1883இலேயே இறந்துவிட்டார். ‘திருமதி பிங்காமுக்கு எழுதுங்கள்’ என்ற விளம்பரம் மட்டும் தொடர்ந்து வந்தது. 1905இல் ஒரு பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர் எட்வர்ட் போக் அவருடைய கல்லறைக் கல்லைப் படமெடுத்து அச்சிட்டார். பதில் எழுதுவது மருமகள் என்று நிறுவனம் சமாதானம் சொன்னது. பெரூனா என்ற இன்னொரு மருந்தில் சாராயம் 28 சதவீதம். செவ்விந்தியர் குடியிருப்புகளில் அதை விற்க அமெரிக்க அரசே தடை போட்டது. இரண்டு மேசைக்கரண்டி உள்ளே போனதும் ‘உடனே தெம்பு வந்தது’ என்று எழுதிய கடிதத்தையும் நாம் சந்தேகப்பட வேண்டியதில்லை.

சாராயக் கதை என்றதும் நம் வீட்டு ஞாபகம் வருகிறது. பாட்டி காலத்திலிருந்து நாம் குழந்தைக்குப் புகட்டிய கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உருவானது. பழைய செய்முறையில் கொஞ்சம் சாராயம் இருந்தது. குழந்தை அழுகையை நிறுத்தியதற்குச் சாட்சி சொல்லப் பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். போகட்டும்.

பெரும்பாலான பத்திரிகைகள் ஏன் எதையும் எழுதவில்லை என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் மருந்து விளம்பர ஒப்பந்தத்தில் சிவப்பு மையில் ஒரு நிபந்தனை இருக்கும்: இந்த மாநிலத்தில் மருந்துக்கு எதிராகச் சட்டம் வந்தால் ஒப்பந்தம் ரத்து. இதைப் பரப்பியவர் ஃபிராங்க் செனி என்ற மருந்து வியாபாரி. அதன் பிறகு சட்டசபையில் மசோதா வந்தால், எதிர்த்துத் தலையங்கம் எழுத வியாபாரி வர வேண்டியதில்லை, பத்திரிகைகளே எழுதின. இந்த மௌனத்தை 1905 அக்டோபரில் ‘காலியர்ஸ்’ வார இதழும் உடைத்தது. சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் அதில் தொடராக எழுதினார். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. சாராயம், அபின், மார்ஃபின், கொக்கெய்ன் போன்ற சில பொருள்கள் இருந்தால் லேபிளில் போட வேண்டும். மற்றதையெல்லாம் மறைக்கலாம்.

1911இல் புற்றுநோய்க்கு மருந்து விற்ற ஒருவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. குணமாக்கும் என்று பொய் சொன்னால் குற்றமா? ஆகாது என்று தீர்ப்பு. சரக்கின் பெயரையும் தன்மையையும் பற்றிப் பொய் சொன்னால்தான் குற்றம். அடுத்த ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தியும் ஓர் ஓட்டை விட்டார்கள்: விற்பவர் ஏமாற்றும் எண்ணத்தோடுதான் சொன்னார் என்று அரசு நிரூபிக்க வேண்டும். தன் மருந்தைத் தானே நம்புகிறவரை ஒன்றும் செய்ய முடியாது.

அந்த ஓட்டையில் புகுந்து தப்பியது பான்பார் என்ற மருந்து. நீரிழிவைத் தீர்க்கும் என்று விற்றார்கள். இருந்தது குதிரைவால் என்று அமெரிக்கர்கள் சொல்லும் ஒரு செடியின் சாறு. ஹாமில்டன் காலத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1891இல் அந்த மனிதருக்கு வேறு வழியில்லை. பான்பார் விற்றபோது இன்சுலின் இருந்தது. 1922 ஜனவரியில் டொரொன்டோவில் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. ஊசி குத்திக்கொள்ள வேண்டாம், குடித்தால் போதும் என்று சொல்கிற மருந்துக்கு ஆள் வராமல் இருக்குமா?

அரசு அதிகாரிகள் பான்பாரின் நற்சாட்சிக் கடிதங்களை எடுத்துக்கொண்டு எழுதியவர்களைத் தேடிப் போனார்கள். பலர் இறந்திருந்தார்கள். காரணம்: நீரிழிவு. ஒரு பக்கம் ‘நான் குணமானேன்’ என்ற கடிதம், பக்கத்திலேயே அதே மனிதரின் இறப்புச் சான்றிதழ். 1933இல் இவற்றையெல்லாம் பலகைகளில் ஒட்டி ஒரு கண்காட்சி வைத்தார்கள். பார்த்த பத்திரிகையாளர்கள் அதற்குப் ‘பயங்கரக் கூடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் நீதிமன்றத்தில் அரசு தோற்றது. விற்றவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக ஜூரிகள் ஏற்கவில்லை. எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்ற சட்டம் 1938இல்தான் வந்தது.

அந்தக் கடிதங்களைப் பற்றி நான் பல முறை யோசித்திருக்கிறேன். அவை பொய்யல்ல. நீரிழிவுக்காரருக்குச் சில வாரம் உடம்பு தேவலையாகும், சில வாரம் மோசமாகும். மருந்தோடு சேர்த்துச் சாப்பாட்டையும் கட்டுப்படுத்தியிருப்பார். புது மருந்தை எப்போது தேடுகிறோம்? ரொம்ப மோசமான நாளில். அதற்கு அடுத்த நாள் பெரும்பாலும் கொஞ்சம் தேவலையாகத்தான் இருக்கும். அந்தத் தேவலையில் பேனாவை எடுக்கிறார். அதன் பிறகு மோசமானபோது யாரும் ‘முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று கடிதம் எழுதுவதில்லை. இறந்தவர் எழுதவே மாட்டார். தபால்பெட்டிக்கு உயிரோடு இருப்பவர்களின் நல்ல நாட்கள் மட்டுமே வந்து சேரும்.

எழுதாதவர்களை எப்படி எண்ணுவது? இதற்கு வழி 1940களில் கிடைத்தது. போர் முடிந்த பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கொஞ்சமே இருந்தது; எல்லாக் காசநோயாளிகளுக்கும் கொடுக்கப் போதாது. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளரின் யோசனைப்படி, கடுமையான நுரையீரல் காசநோய் கண்ட 107 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டாகப் பிரித்தார்கள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து. 52 பேருக்கு ஓய்வு மட்டும். யார் எந்தப் பக்கம் என்பது மூடிய உறைக்குள். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் எடுத்தவர்களில் 14 பேர். எக்ஸ்-ரே படத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் 28, இந்தப் பக்கம் 4. முடிவு 1948இல் வெளியானது.

எல்லோரும் அந்த 28ஐப் பார்ப்பார்கள். நான் இந்த 4 பேரைப் பார்க்கச் சொல்கிறேன். கடுமையான காசநோய், மருந்து இல்லை, படுத்துக் கிடந்தே பெருமளவு தேறினார்கள். அவர்கள் கையில் அந்த ஆறு மாதமும் ஒரு பெட்டி பிங்க் மாத்திரை இருந்திருந்தால்? நான்கு கடிதங்கள் கிடைத்திருக்கும். நான்கும் உண்மை. எக்ஸ்-ரே படத்தோடு, மருத்துவரின் கையெழுத்தோடு. அந்த நான்கு கடிதங்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டால் எந்தக் காசநோயாளி வாங்காமல் இருப்பார்? செத்துப்போன 14 பேரைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் இருக்காது. ஸ்ட்ரெப்டோமைசினும் அற்புதமல்ல என்பதையும் இதே சோதனைதான் காட்டியது. மருந்து பெற்ற பலரின் உடம்பில் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது; அதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது.

இந்தக் கணக்கு போலி மருந்துக்காரர்களை மடக்க மட்டும் என்று நினைத்தால் மருத்துவர்களுக்கு வசதியாகப் போய்விடும். அது மருத்துவர்களையும் மடக்கியது. அதுவும் நம் சென்னையில். காசநோய்க்குச் சானடோரியம் வேண்டும், நல்ல காற்று வேண்டும், முட்டையும் பாலும் வேண்டும், ஓய்வு வேண்டும் என்பது அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் முழுவதும் மருத்துவர்கள் உறுதியாக நம்பியது. சானடோரியத்தில் தேறியவர்கள் ஆயிரக்கணக்கில் சாட்சி சொல்ல இருந்தார்கள். 1956இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவரின் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்தில், மீதிப்பேர் வீட்டில். வீடு என்றால் சென்னையின் நெரிசலான குடியிருப்புகள், அரைகுறைச் சாப்பாடு, முடிந்தவர் வேலைக்கும் போனார். இரண்டு பக்கமும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். 1959இல் முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தேறியிருந்தார்கள். வீட்டில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. முட்டையும் பாலும் மலைக்காற்றும் எடுத்துக்கொண்ட பெருமை மாத்திரைகளுடையது என்று தெரிந்தது. படுக்கை கிடைக்காமல் காத்திருந்த ஏழை நாடுகளின் நோயாளிகளுக்கு அதனால் வீட்டிலேயே சிகிச்சை கிடைத்தது. நம் ஊர் பெருமைப்படத்தக்க விஷயம்; ஆனால் நம் பாடப்புத்தகத்தில் நான் இதைப் பார்த்த நினைவில்லை.

சித்தம், ஆயுர்வேதம், அலோபதி என்று யார் மருந்தாக இருந்தாலும் இதே கேள்விதான். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், கொடுக்கப்படாதவர்களில் எத்தனை பேர் தானாகத் தேறினார்கள், செத்தவர்கள் எங்கே?

நம் நாட்டில் 1954இல் ஒரு சட்டம் வந்தது. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம். அதன் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது, 54 இனங்கள். இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது. நீரிழிவு, புற்றுநோய், காசநோய், தொழுநோய், மலட்டுத்தன்மை, உடல் பருமன் எல்லாம் உண்டு. ஒருவரின் உயரம்கூட உண்டு. உயரமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதும் குற்றம். லோகோமோட்டார் அட்டாக்சியாவும் உண்டு. ஹாமில்டன்காரர் இன்று சென்னையில் அந்தச் செய்தியை வெளியிட வைத்தால் பத்திரிகை சிக்கலில் மாட்டும். ஆனால் சட்டம் விளம்பரத்தைத்தான் பிடிக்கும். ஒருவர் கைபேசியின் முன் உட்கார்ந்து, ‘எனக்குச் சர்க்கரை 400 இருந்தது, இப்போது மாத்திரையே இல்லை’ என்று பேசி அதைக் குடும்பக் குழுவில் போட்டால்? பக்கத்துத் தெருக்காரரைத் தேடி ஃபுல்ஃபோர்ட் செலவு செய்தார். இப்போது பக்கத்துத் தெருக்காரரே இலவசமாக வருகிறார். அவரும் பொய் சொல்வதில்லை.

அவர் உங்கள் பெரியப்பாவாகவோ சித்தியாகவோ இருந்தால் அவரோடு வாதம் செய்யாதீர்கள். தேறிவந்த மனிதரிடம் ‘அது அதனால் தேறவில்லை’ என்று சொல்வது மரியாதையும் இல்லை, பயனும் இல்லை. ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஏற்கெனவே சாப்பிட்டதை நிறுத்தச் சொன்னார்களா? பான்பார் குடித்தவர்களில் பலரைக் கொன்றது அந்தச் செடிச் சாறு அல்ல, போட்டுக்கொள்ளாத ஊசி. லேகியத்தைச் சாப்பிடுங்கள் சித்தி, ஆனால் ஊசியை விடாதீர்கள் என்று சொன்னால் கேட்பார்கள். லேகியத்தில் என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தால் அதையும் உங்கள் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

முன்வரிசையிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. சோகைக்கு இரும்பு மாத்திரை எதற்கு, முருங்கைக்கீரை போதாதா என்று கேட்டிருக்கிறார்கள். சோகை வராமல் இருக்கக் கீரை நல்லது. வந்துவிட்டால் கீரையால் மட்டும் ஈடுகட்டுவது கடினம்; கீரையில் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மாத்திரை சாப்பிட்டவுடன் டீயும் காபியும் குடிக்காதீர்கள், அவை இரும்பு சேர்வதைக் கெடுக்கும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையால் அப்படி ஆகும். சில மாதம் சாப்பிட்டும் தேறவில்லை என்றால் ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்: கொக்கிப்புழுவா, மாதவிலக்கில் அதிகப் போக்கா, குடலில் கசிவா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மற்ற சீட்டுகளை டீ குடித்தபடி பார்ப்போம். சோகைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுத்துக் குடியுங்கள்.